உப்புவெளியின் வெயிலும் ஒற்றைத் தலையிடியும்

ஆனையிறவு உப்பளத்தில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் உப்பு வாருபவரின் கண்ணுக்கு வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. பாத்தியில் விளைந்த உப்பின் வெண்மையிலும் சூழவுள்ள உவர்நீரிலும் பட்டுத் தெறித்துக் கீழிருந்தும் வருகின்றது. 1990இல் போரினால் கைவிடப்பட்டு, நெடுங்காலத்தின் பின் மீண்ட இவ்வுப்பளம், 2025இல் அங்கு உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டதோடு மறுபடியும் பேசுபொருளானது; ஆயினும் விளைச்சல் பேசப்படும் அளவுக்கு அதை வாருவோரின் தலையிடி பேசப்படுவதில்லை.

ஒற்றைத் தலையிடி எனப்படும் மைக்ரேன், மருந்தெடுக்காவிடில் 4 முதல் 72 மணித்தியாலம் வரை நீடிப்பதும், பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் நாடித்துடிப்போடு விண்விண்ணென்று தெறிப்பதும், குமட்டலையும் ஒளி, ஒலிக் கூச்சத்தையும் உடன்கொணர்வதுமான மூளை நரம்பு நோயாகும். தூண்டற்காரணி என்பது இந்நோயை உண்டாக்குவது அன்று. நோய்க்கு இயல்பிலேயே இடங்கொடுக்கும் மூளையில் ஒரு தாக்கத்தைத் தொடக்கிவைப்பதே அது. லெஸ்லி கெல்மன் 1,207 நோயாளரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், தூண்டற்காரணி தமக்கு உண்டென்றோரில் ஏறத்தாழ 80 வீதத்தினர் மனநெருக்கீட்டையும், பெண்களில் 65 வீதத்தினர் ஹோர்மோன் மாற்றத்தையும், 57 வீதத்தினர் வேளைக்கு உண்ணாமையையும், 50 வீதத்தினர் நித்திரைக் குழப்பத்தையும் குறிப்பிட்டனர். குறித்த உணவுகளைச் சொன்னோர் 27 வீதத்தினரே. ஊர்வழக்கில் முதற்குற்றவாளியாக நிற்பதோ பெரும்பாலும் சாப்பாடுதான்.

மேலைநாட்டுப் பட்டியல்களில் அருகியே காணப்படும் ஒரு காரணி தமிழருக்கு நன்கு பழக்கமானது. தலைமுழுகிய பின் தாக்கம் வந்த 94 இந்திய நோயாளரைப் பற்றி மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006இல் எழுதினார். வெள்ளிக்கிழமை முழுகி, ஈரக்கூந்தல் காயுமுன், விரதத்தோடு வெயிலில் கோயிலுக்கு நடக்கும் ஒரு பெண்ணுக்குத் தலையிடி வந்தால், ஈரமா, பசியா, வெயிலா, அன்றி மாதவிடாயையொட்டி ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்த நாளா என்று பிரித்தறிவது எளிதன்று. தனித்தனியே தாங்கக்கூடியவை ஒன்றுசேரும்போது தாங்குவரம்பு கடந்துவிடுகின்றது. கொப்பன்ஹேகன் ஆய்வாளர், ஒளியோ கடும் உடற்பயிற்சியோ தம்மைத் தூண்டுவதாகக் கூறிய 27 பேரை அவற்றுக்கே உட்படுத்தி 2013இல் வெளியிட்ட முடிவின்படி, பார்வையில் மினுக்கம் போன்ற முன்னறிகுறியோடு கூடிய தாக்கம் வந்தது மூவருக்கு மட்டுமே. வேறு மூவருக்கு அம்முன்னறிகுறியின்றி வந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வலிக்குப் பல மணித்தியாலம் முன்பே மூளையின் ஆழத்திலுள்ள ஹைப்போதலமஸ் பகுதியில் மாற்றம் தொடங்கி, கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பின்மேல் ஆசை, வெளிச்சக் கூச்சம் ஆகியன தோன்றலாம் என்பதால், சொக்கலேற் தின்றதால் வலி வந்தது என்று எண்ணுபவர், உண்மையில் வலி புறப்பட்டுவிட்டதால் சொக்கலேற் தின்றவராகவும் இருக்கலாம். அன்று உப்பின் ஒளி வழமையைவிட உறைத்தது என்று சொல்பவரின் முறைப்பாட்டையும் அவ்வாறே இருபக்கமும் பார்க்க வேண்டியுள்ளது.

ஆகவே, தூண்டற்காரணிகளைத் தவிர்க்குமாறு கூறும் அறிவுரை உப்பளத்தில் பாதியளவே பொருந்தும். தலையிடி வந்த நாளையும் அதற்கு முந்திய நாளின் உணவு, நித்திரை, மாதவிடாய் ஆகியவற்றையும் கொப்பியில் குறித்துவருவது நோயாளரால் இயலும். ஆனால் வெயில் ஏறுமுன் முடியும் வேலைமுறை, பாத்தியருகே குடிநீர், ஒதுங்க ஒரு கொட்டில், வேளைக்குச் சோறு என்பன வேலை கொடுப்போரின் ஏற்பாட்டில் அடங்கியவை; மருத்துவச் சீட்டில் எழுதக்கூடியவை அல்ல. ராஜஸ்தான் உப்பளத் தொழிலாளரைப் பற்றி 2006இல் வந்த ஆய்வு தலைவலியைத் தொழில்சார் முறைப்பாடுகளுள் ஒன்றாகவே பதிந்தது. வேலையை நிறுத்தினால் நாட்சம்பளம் போய்விடும் என்பவருக்குக் கைக்கெட்டுவது கடையில் வாங்கும் பனடோலும் ஒரு பிளேன்ரீயுமே. அத்தகைய சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாக எடுத்துவந்தால், மருந்தே தலையிடியை நிரந்தரமாக்கும் நிலை உருவாகலாம்.