மணக்கிற சென்ட்டும் கழுத்துக் கறுப்பும்

எங்கள் காமயகவுண்டன்பட்டி வீட்டில் என் ஓரகத்திக்குக் கழுத்தில் அரிப்பெடுத்து, கறுத்துத் திட்டாகிவிட்டது. "கவரிங் செயின்தான் ஒத்துக்கலை போலிருக்குக்கா" என்றாள். கழற்றியும் நிற்கவில்லை. தேனிக்கு அழைத்துப் போனேன். தோல் டாக்டர் பாட்ச் டெஸ்ட் செய்தார். முதுகில் பலவிதப் பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் நனைக்கக் கூடாதென்றார். பிரித்துப் பார்த்தால் வாசனைப் பொருள் பட்ட இடம் மட்டும் தடித்திருந்தது. தினமும் கழுத்தில் அடித்த சென்ட்தான் காரணம்!

"நாலு வருஷமா இதேதானே போடறேன்?" என்றாள். அதுதான் விஷயம், சகோதரிகளே! பழகிய பொருளும் ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது.

பலருக்கு அலர்ஜி தந்த 'லைரால்' என்ற செயற்கை வாசனைக்கு ஐரோப்பாவில் தடை. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அது கலந்த அழகுப் பொருள்களை அங்கே விற்கக் கூடாது. 26 வாசனைப் பொருள்களின் பெயரைத் தனித்தனியே அச்சிட 2003-இல் சட்டம் போட்டார்கள். 2023-இல் அந்தப் பட்டியல் எண்பதைத் தாண்டியது. நம் டப்பாக்களிலோ பெரும்பாலும் 'பெர்ஃப்யூம்' என்று ஒரே வார்த்தைதான்!

புதிதாக எது வாங்கினாலும், முழங்கை மடிப்பில் தினம் இருவேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள். 'மூலிகை' என்று போட்டிருந்தாலும் இதே சோதனைதான். கைக்குழந்தைக்கு வாசனைப் பவுடரே வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு பூசாதீர்கள், தோல் மெலிந்துவிடும்.

சென்ட்டை நிறுத்திய பின் அரிப்பு அடங்கியது. கறுப்பு மறையத்தான் மாதக்கணக்காயிற்று. இப்போது அவளுக்கு வாசனையெல்லாம் கொண்டையில் வைக்கும் மல்லிகையோடு சரி!