அரம் எங்கே படலாம்?

பயிற்சி முகாம் ஒன்றில் பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஐயா, நாசிலைக் கழற்றி உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். அன்று முதல் ஆயில் என்ஜின் கரும்புகை கக்குகிறது. டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது. ஏன்?”

ஏரையும் கமலையையும் தாமே செப்பனிட்டுக் கொண்டவர்கள் நம் உழவர்கள். அந்தக் கைவேலையை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அரம் படக்கூடிய பாகம் எது, படக்கூடாத பாகம் எது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

நாசில் ஊசியும் அது நகரும் துளையும் இணையாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை. இடையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். உப்புத்தாள் பட்டால் அந்தப் பொருத்தம் போய்விடும். பனிபோல் பீறிட வேண்டிய டீசல் சொட்டாக விழும், சரியாக எரியாது. சிலிண்டர் சுவரில் உள்ள மசகு எண்ணெயையும் கழுவிவிடும். நாசில் பீறிடுவதை உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பது அதைவிட ஆபத்து. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

அடுத்தது கவர்னர். ஸ்பிரிங்கை இறுக்கி, 1500 சுற்றில் ஓட வேண்டிய என்ஜினை 1650-ல் ஓட்டினால் தண்ணீர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். பம்புக்குத் தேவைப்படும் சக்தியோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்தச் சக்திக்கு டீசல்தானே விலை? வேகம் அளவு மீறினால் வார்ப்பிரும்புச் சக்கரம் வெடித்துச் சிதறி உயிரையே பறிக்கலாம்.

அப்படியானால் வீட்டிலுள்ள ஸ்பேனரும் ஹாக்சாவும் எதற்கு? வேலை நிறைய இருக்கிறது. வாய்க்காலுக்கு மேல் ஆள் உயரத்தில் தண்ணீர் கொட்டும் டெலிவரி குழாயை அறுத்துத் தாழ்த்துங்கள். வீணாக ஏற்றும் ஒவ்வொரு அடிக்கும் டீசல் செலவாகிறது. குறுகிய வாயுள்ள புட்வால்வை மாற்றுங்கள். ஏர்கிளீனரைக் கழுவி, எண்ணெய் மாற்றுங்கள். பெல்ட்டை நேர்கோட்டில் ஓடச் செய்யுங்கள். தண்ணீரால் குளிரும் என்ஜினில், வெளிவரும் நீர் சில்லென்று இருந்தால் டீசல் வீணாகிறது என்று பொருள். ஒரு வால்வு வைத்து நீரின் அளவைக் குறைத்து, வெளிவரும் நீர் 60 முதல் 70 டிகிரி வரை சூடாக இருக்கும்படி செய்யுங்கள்.

பட்டறை தொலைவில் இருப்பதால்தான் உழவர் நாசிலில் கைவைக்கிறார். குறை அவருடையது மட்டுமன்று. நாசிலைச் சோதிக்கும் கருவி, கையால் அடிக்கும் சிறு பம்பும் அழுத்தமானியும் சேர்ந்ததே. அதை ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும் வாங்கி வைத்து, ஊர் இளைஞர் ஒருவருக்குப் பயிற்சி அளித்தால் என்ன? சங்கக் கூட்டத்தில் உழவர்கள் இதைக் கேட்க வேண்டும். அதுவரை நாசிலும் கவர்னரும் தேர்ந்த மெக்கானிக்கின் கைக்கே போகட்டும். உங்கள் அரம் குழாயோடு நிற்கட்டும்.