நோட்டுஸ்வரம் வெள்ளைக்காரன் பாட்டாம்!

பேத்தி போகும் பாட்டு வகுப்பில் ஆண்டு விழாவுக்காகப் பழக்கிய 'சியாமளே மீனாட்சி'யை, யாரோ சொன்னார் என்று கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். அது 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டாம், இங்கிலீஷ்காரனைக் காப்பி அடித்ததாம், கோயில் மண்டபத்தில் பாடக் கூடாதாம். இரண்டு மாதமாகப் பழகிய எட்டு வயதுக் குழந்தைக்கு இதை எந்த வாயால் சொல்வது?

முதலில், அது இங்கிலீஷ்காரன் மெட்டே இல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு அது 'ஆ! வூ திரேஜ், மமான்'. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் பாடிய மெட்டு. மோசார்ட் அதையே பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக மாற்றி எழுதியிருக்கிறார். ஜேன் டெய்லரின் நட்சத்திரக் கவிதை வந்தது 1806இல். அது இந்த மெட்டோடு சேர்ந்தது அதற்கும் பிறகு.

சரி, தீட்சிதர் கதைக்கு வருவோம். அவர் பிறந்த திருவாரூர் நம் கோட்டுச்சேரிமேட்டுக்கு எவ்வளவு தூரம்? காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். குடும்பம் மணலியில் முதலியார் ஆதரவில் இருந்த காலத்தில், சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர் பாண்டு கேட்கும் வாய்ப்பு வந்தது என்பார்கள். அந்த மெட்டுகளுக்குச் சுமார் நாற்பது சாகித்தியம் செய்தார். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாமல். தம்பி பாலுசாமி தீட்சிதர் பிடிலையே கற்றுக்கொண்டு வந்துவிட்டார். பாட்டை எடுக்கச் சொன்னவர் பிடிலை எடுக்கச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

'ஜகதீச குருகுஹ' இன்னும் வேடிக்கை. அது 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்ற ஸ்காட்லாந்து நடன மெட்டு. அங்கிருந்து கப்பலேறிப் போனவர்களோடு அமெரிக்காவுக்கும் போய், 'லெதர் பிரிட்சஸ்', அதாவது தோல் கால்சட்டை என்ற பெயரில் கிராமத்துப் பிடில்காரர்கள் கையில் ஊருக்கு ஒரு விதமாக ஆனது. அங்கே ஆடினார்கள், இங்கே சாமி கும்பிட்டார்கள். நான் ஆபீசில் அசல், நகல் என்று முத்திரை குத்தியே காலம் தள்ளியவன். இந்த மெட்டுகளில் எதன் மேல் எந்த முத்திரையைக் குத்துவீர்கள்? பங்காளிகள் என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் பாகம் பிரிக்காத பங்காளிகள்.

'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு. அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை, நாமும் ஓர் அந்நியக் கொடியின் கீழ் இருந்தவர்கள்தான். ஆனால் தீட்சிதர் செய்ததைப் பாருங்கள். ராஜாவைக் காப்பாற்று என்று அவர்கள் வேண்டிய மெட்டில், என்னைக் காப்பாற்று என்று அம்பாளை வேண்டினார். ராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.