பழைய தையல் மிஷினை நிறுத்து விற்காதீர்கள்

பழைய தையல் மிஷின்களையும் பழந்துணிகளையும் தேடித் தேடிச் சேர்ப்பது வேலையற்றவர்களின் விநோதம் என்றும், பிறர் புழங்கிய பொருளை விலை கொடுத்து வாங்குவது கௌரவக் குறைவு என்றும் கருதுகிறவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமையில் வாழ்ந்துகொண்டு அவ்வாறு கருதுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரு பெண் சூடிக் களைந்த மாலையே பகவானுக்கு உகந்தது என்ற நம்பிக்கையினால் கீர்த்தி பெற்ற ஊர் அது. இன்றும் புரட்டாசி பிரம்மோற்சவத்தின்போது ஆண்டாள் சூடிய மாலை அங்கிருந்துதான் திருப்பதிக்குப் போகிறது. ஒருவர் கைபட்டதனால் ஒரு பொருளின் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை என்பதை இந்தச் சீமைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து உபதேசிக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கம் முழுவதும் பஞ்சும் நூலும் துணியுமாகவே பிழைத்து வந்திருக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில் முதலாக எத்தனையோ நூற்பாலைகள். சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் வீடுகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறிச் சேலை நெய்யும் குடும்பங்கள். ஆகையால், கால் மிஷின் ஒன்றாவது இல்லாத தெரு இங்கே ஒரு காலத்தில் அபூர்வம். மோட்டார் வைத்த பவர் மிஷின்கள் வந்த பிறகு, தாயும் பாட்டியும் மிதித்த அந்த இயந்திரங்கள் திண்ணை மூலைக்கும், அங்கிருந்து பரணுக்கும், பரணிலிருந்து பழைய இரும்புக் கடைக்கும் படிப்படியாக இறங்கிவிட்டன. அங்கே தராசு ஒன்றுதான் அவற்றுக்கு மதிப்புப் போடுகிறது.

அந்தத் தராசுக்கு முன்னால் ஒன்றை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறவனுடைய சந்தோஷம் என்னவென்று சொல்கிறேன். தூசியைத் துடைத்ததும் கருப்பு எனாமலின்மேல் பொன்னிறச் சித்திரம் மெல்லத் தெரியும். சில சிங்கர் மிஷின்களில் எகிப்து தேசத்து ஸ்பிங்க்ஸ் உருவமே படுத்திருக்கும். அடிப்பகுதியில் பொறித்த எண் 'ஒய்' என்றோ 'ஈ.ஏ.' என்றோ தொடங்கினால், 1980-இல் மூடப்பட்ட ஸ்காட்லாந்து தேசத்துக் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் பிறந்து, கடல் கடந்து இந்தக் கரிசல் மண்ணுக்கு வந்தது அது என்று அறியலாம். தொழிற்சாலை போய்விட்டது; மிஷின் இருக்கிறது. ஊசித் தட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினால், துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே பல வருஷத்துப் பஞ்சுத் துகள் அடைந்திருக்கும். அந்த வீட்டில் கடைசியாகத் தைத்த துணியின் நிறத்தைக்கூட அதில் கண்டுகொள்ளலாம். மிஷின் எண்ணெய்க்குப் பதிலாக அடுக்களை எண்ணெயை விட்டிருந்தார்களானால் அது பிசினாக இறுகி, சக்கரத்தை அசையவொட்டாமல் பிடித்துக்கொண்டிருக்கும். துவாரந்தோறும் மண்ணெண்ணெய் சொட்டிவிட்டு, பலவந்தப்படுத்தாமல், இரண்டொரு நாள் பொறுத்திருக்க வேண்டும். தளர்ந்துபோன தோல் பெல்ட்டைச் சற்றே நறுக்கி மறுபடி கொக்கியிட்டு மாட்டிப் பலகையை மிதிக்கும்போது, ஊமையாய்க் கிடந்த சக்கரம் புரண்டு, முதல் தையல் வரிசை துணியில் விழுகிற அந்தக் கணத்துக்கு ஈடான சந்தோஷத்தைப் புதுப் பொருள் எதுவும் எனக்குத் தந்ததில்லை.

மிகப் பழைய மாடல்களில் கீழ்நூலைச் சுமந்து செல்லும் ஷட்டில் படகு வடிவில் இருக்கும். நெசவு தெரிந்தவர்கள் அதைக் கையில் எடுத்த மாத்திரத்தில், தங்கள் தறி நாடாவின் குழந்தை என்று கண்டுகொள்வார்கள். ஊசியின் கண்ணைக் கூர்முனைக்கே கொண்டுவந்து, மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்ளும்படி எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற யுக்தியும், ஐசக் சிங்கர் 1851-இல் பெற்ற காப்புரிமையும் உலகத்துப் பெண்களின் கை வலியை எவ்வளவு குறைத்தன என்பதற்குக் கணக்கில்லை. இயந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளே 1924-இல் நிகழ்ந்த ஒரு சம்பாஷணையில் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் காணப் பொறாத அன்பினால் சிங்கர் அதை உண்டாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். பின்னாளில் கல்கத்தா ஜெய் இன்ஜினீயரிங் தொழிற்சாலையிலிருந்து வந்த உஷாவும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். சிங்கருக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்கும் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

துணியின் விஷயம் இன்னும் நுட்பமானது. இரும்பு துருப்பிடித்தாலும் மிஞ்சும், பருத்தி மிஞ்சாது. பலமுறை துவைத்துத் துவைத்து மெழுகின் மென்மை அடைந்த ஒரு கைத்தறிச் சேலையை விரல்களால் நெருடிப் பார்க்கிறவன், இப்போது நெய்வோர் குறைந்துபோன கரையையும், இன்று கடையில் கேட்டால் கிடைக்காத ஒரு நிறச் சேர்க்கையையும் அதிலே காண்கிறான். சுங்குடியின் புள்ளிகள், கண்டாங்கியின் கட்டங்கள், தையற்காரர் வெட்டி ஒதுக்கிய ரவிக்கைத் துண்டுகள், நைட்டிக்கு வெட்டியதுபோக மீந்த பூத்துணி ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டியில் இடம் உண்டு. அவற்றைச் சேர்த்துத் தைத்தால் குழந்தைக்கு ஒரு மெத்தை விரிப்பு. தைக்காமல் ஊர் பெயரும் காலமும் எழுதி வைத்தால் இந்த வட்டாரத்து நெசவுக்கு ஒரு சரித்திரம்.

ஆனால், சேர்ப்பது என்ற பெயரில் நடக்கும் ஒரு காரியத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வார்ப்பிரும்புக் காலை மட்டும் கழற்றிக் கண்ணாடி வைத்து மேஜையாக்கிவிட்டு, தலைப்பகுதியை எங்கோ எறிந்துவிடுகிறார்கள். அல்லது அலங்காரத்துக்காகக் கடை ஜன்னலில் நிறுத்தி, ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் இறுகச் செய்கிறார்கள். தைக்கக்கூடிய மிஷினைத் தைக்கவிடாமல் வைத்திருப்பது ரசனை ஆகாது. பத்தை வாங்கி அடுக்குவதைக் காட்டிலும் ஒன்றை வாங்கி ஓட்டுவது மேல்.

ஏழைப் பெண்களுக்கு அரசாங்கம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் இலவசமாகத் தையல் இயந்திரம் வழங்கி வருகிறது. ஒரு மிஷின் ஒரு குடும்பத்துக்கு எத்தகைய ஆதாரம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆகவே ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள வீட்டுக்காரர்களுக்கு என் விண்ணப்பம் இது. பரணில் கிடக்கும் மிஷினைக் கிலோக் கணக்கில் போடுவதற்கு முன், மிஷின் ரிப்பேர் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். ஓடும் என்று அவர் சொன்னால் தையல் கற்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள், அல்லது அதை மிதித்து ஓட்டக்கூடிய ஒருவருக்கு விற்றுவிடுங்கள். அதனோடு பெட்டியில் இருக்கும் பழந்துணியையும் கரித்துணியாக்காமல் சேர்த்தே அனுப்புங்கள்.