பூட்டி வைக்க முடியாத சேகரிப்பு

தபால்தலை சேர்க்கிறவங்க இருக்காங்க. பழைய காசு, தீப்பெட்டிப் படம், பாட்டுத் தட்டுன்னு சேர்க்கிறவங்களும் இருக்காங்க. இவங்களுக்கெல்லாம் ஒரு சௌகரியம் உண்டு. சேர்த்ததை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டா அது பாட்டுக்கு இருக்கும். நெல்லைச் சேர்த்த மனுசனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

நான் சொல்றது நெல் ஜெயராமனைப் பத்தி. எங்க திருவாரூர் மாவட்டத்துக்காரர். 2003ல நம்மாழ்வார் ஐயா பூம்புகார்ல இருந்து கல்லணை வரைக்கும் நடைபயணம் போனப்போ கூடவே நடந்தவர். வழியில விவசாயிங்க கொடுத்த கொஞ்சம் பழைய நெல்லுதான் அவருக்கு முதல். அப்புறம் ஊர் ஊரா அலைஞ்சு, யார் வீட்டுல ஒரு பிடி பழைய நெல் இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். 2018 டிசம்பர் 6ந் தேதி புற்றுநோயில அவர் போய்ச் சேர்ந்தப்போ, அவர் மீட்டெடுத்த ரகம் 174.

அந்த 174ங்கிற கணக்கு எல்லா ஊர் பத்திரிகையிலயும் வந்துச்சு. அதுக்குப் பின்னால இருக்கிற வேலை என்னன்னு நகரத்துல இருக்கிற உங்களுக்குச் சொல்லணும்னு தோணுது.

எங்க ஊர்ப் புழுக்கத்துல சாக்குல கிடக்கிற விதைநெல் ஒரு வருசம் தாண்டினா முளைப்பு குறையும். ரெண்டு வருசம் ஆச்சுன்னா நம்பி நாத்து விட முடியாது. அதனால ஒவ்வொரு ரகத்தையும் வருசா வருசம் விதைச்சாகணும். ஒரு ரகம் போல இன்னொண்ணு இருக்காது. பூங்கார் மூணு மாசத்துல அறுப்புக்கு வந்துரும். காட்டுயானத்துக்கு ஏறக்குறைய ஆறு மாசம் ஆகும், ஆள் உயரத்துக்கு மேல வளரும். இதையெல்லாம் பக்கத்துப் பக்கத்துல போட்டு, பேர்ப்பலகை வெச்சு, கலவன் பிடுங்கி, தனித்தனியா கையால அறுத்து, தனித்தனியா அடிச்சுக் காய வைக்கணும். களத்துல ரெண்டு கட்டு மாறிப் போச்சுன்னா ரெண்டு ரகமும் கெட்டது. நான் ரெண்டே ரகம், மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் வெச்சிருக்கேன். அதுக்கே அறுப்பு நேரத்துல கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு.

இவ்வளவையும் ஒத்தை ஆளா காப்பாத்த முடியாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அங்கதான் அவர் புத்திசாலித்தனம் இருக்கு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல வருசா வருசம் நெல் திருவிழா நடத்தினார். வர்ற விவசாயிக்கு ரெண்டு கிலோ விதை சும்மா கொடுப்பார். ஒரே நிபந்தனை, அடுத்த வருசம் அது நாலு கிலோவா திரும்பி வரணும். மத்த சேகரிப்பாளர் யாரும் தன்கிட்ட இருக்கிறதை வெளியில கொடுக்க யோசிப்பாங்க. இவருக்குக் கொடுத்தாத்தான் மிஞ்சும். எங்க வயல்ல வெள்ளம் வந்து ஒரு ரகம் அழுகிப் போனாலும், திருவண்ணாமலைப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ ஒருத்தர் கையில அது உசுரோட இருக்கும்.

"இதெல்லாம் விஞ்ஞானிங்க பார்த்துக்க மாட்டாங்களா?"ன்னு போன மாசம் பட்டணத்துல இருந்து வந்த ஒரு தம்பி கேட்டாப்ல. பார்த்துக்கிறாங்க. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற உலக நெல் ஆராய்ச்சி நிலையத்துல ஒரு லட்சத்துக்கு மேல நெல் மாதிரிகளை உறைகுளிர்ல வெச்சிருக்காங்க. அதுவும் வேணும். நான் குறை சொல்லல. ஆனா உறைஞ்சு கிடக்கிற நெல் இந்த வருச மழையைப் பார்க்காது, புதுசா வந்த பூச்சியைப் பார்க்காது. எந்த மண்ணுல எந்தப் பட்டத்துல போடணும், எத்தனை அவியல் வேகவைக்கணும், பிள்ளை பெத்தவளுக்கு எந்த அரிசிக் கஞ்சி கொடுக்கணும்ங்கிறதை அந்தப் பெட்டிக்குள்ள வைக்க முடியாது. அது பயிர் பண்றவன் கையிலயும் சமைக்கிறவங்க கையிலயும்தான் இருக்கு.

இப்ப என் அபிப்பிராயத்துக்கு வர்றேன். ஜெயராமனைப் பாராட்டி எழுதறதும் அவர் படத்துக்கு மாலை போடறதும் சரிதான். ஆனா அவர் சேர்த்தது நிலைக்கிறது இனிமே விவசாயி கையில பாதிதான். மீதி உங்க அடுப்புல இருக்கு.

காரணம் சொல்றேன். கொள்முதல் நிலையத்துல நெல்லுக்கு ரெண்டே விலை. சாதா ரகம், சன்ன ரகம். மாப்பிள்ளைச் சம்பாவுக்குன்னு தனி விலை கிடையாது. விளைச்சலோ புது ரகத்தைவிடக் குறைவு. உசரமா வளர்றதால ஐப்பசி கார்த்திகை மழைக்காத்துல சாஞ்சிரும், மெஷின் வெச்சு அறுக்கறது சிரமம். தெரிஞ்சவங்க நேரா வாங்கினாத்தான் எனக்குக் கட்டுப்படியாகுது. வாங்க ஆள் இல்லைன்னா ஒரு வருசம் விடுவான், மறுவருசம் விடுவான், மூணாம் வருசம் விதையே இருக்காது.

இன்னொண்ணு. பட்டணத்துக் கடைகள்ல கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பான்னு நாலஞ்சு பேர்தான் திரும்பத் திரும்ப ஓடுது. சர்க்கரைக்கு நல்லதுன்னு ஒருத்தர் வீடியோ போட்டா எல்லாரும் அதையே கேக்கறாங்க. மத்த நூத்தறுபது சொச்சம் ரகத்தை யாரு கேக்கறது? பேர் கேக்கப்படாத நெல்லு வயலை விட்டுப் போயிரும்.

அதனால சூப்பர் உணவு, மருந்து உணவுன்னு நினைச்சு ஒரு கிலோ வாங்கி டப்பாவுல போட்டு வைக்காதீங்க. மாசம் அஞ்சு கிலோ, சாதாரணமா இட்லிக்கும் கஞ்சிக்கும் வாங்குங்க. விக்கிறவர்கிட்ட "குள்ளக்கார் இருக்கா, குழியடிச்சான் இருக்கா"ன்னு பேரைச் சொல்லிக் கேளுங்க. இல்லைம்பார். பரவாயில்லை, அடுத்த மாசமும் கேளுங்க. நாலு பேர் கேட்டா அவர் எங்களைக் கேப்பார். அவர் கேட்டா நாங்க விதைப்போம்.