செல் மாறலாம், கணக்கு மாறாது

"ஏழு வருஷத்துக்கு ஒருமுறை உடம்பில் எல்லா செல்களும் மாறிடுது. அதனால அன்னைக்கு இருந்த நான் வேற, இன்னைக்கு இருக்கிற நான் வேற." இதைத் தத்துவம் என்று நம்பிச் சொல்பவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். எனக்கு இதில் சண்டை உண்டு.

முதலில் தகவலே தப்பு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏற்றிவிட்டன. டிஎன்ஏவில் பதிந்த அந்த அளவை வைத்து ஒரு செல்லின் வயதைக் கணிக்கலாம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேன் குழு 2005இல் இப்படிக் கணித்துக் காட்டியது. குடலின் மேற்பரப்பு செல்கள் சில நாட்களில் உதிர்ந்துவிடும். ஆய்வு செய்த பெருமூளைப் புறணிப் பகுதியின் நியூரான்களுக்கோ ஏறக்குறைய அந்த மனிதரின் வயதேதான்.

உடனே அடுத்த அஸ்திரம் வரும்: "நான் என்பதே மாயைங்க, பௌத்தம் படிங்க." சரி, படிப்போம். 'மிலிந்த பன்ஹா'வில் நாகசேனர் அரசன் மிலிந்தனிடம் சொல்கிறார்: சக்கரம் தேர் இல்லை, அச்சு தேர் இல்லை, இவற்றை விட்டுத் தனியாகவும் தேர் இல்லை, நாகசேனன் என்பதும் அப்படியொரு பெயர்தான். நம்மாட்கள் இங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதே நூலில் ஒரு மாங்காய்த் திருடன் வருகிறான். நட்ட மாங்காய் வேறு, நான் பறித்த மாங்காய் வேறு, ஆகவே நான் திருடவில்லை என்று வாதிடுகிறான். அவனுக்குத் தண்டனை உண்டா? உண்டு என்கிறான் அரசன். நட்டதிலிருந்துதானே பறித்தது வந்தது! நிலையான ஆன்மா இல்லை என்ற மரபே செயலின் தொடர்ச்சியைக் கைவிடவில்லை.

என் தொழிலிலும் இது உண்டு. கிட்டில் ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட்டின் ஹாஷைச் சுமந்துகொண்டிருக்கும். பத்து வருஷத்தில் முதல் நாள் எழுதிய ஒரு வரிகூட மிஞ்சாமல் போகலாம். ஆனாலும் அதே ப்ராஜெக்ட்தான், சங்கிலி அறுபடாததால்.

இதெல்லாம் ஏன் முக்கியம்? கல்லூரி விடுதியில் ஜூனியர்களை நள்ளிரவில் முட்டிபோட வைத்த சீனியர் இன்று சிரித்துக்கொண்டே, "அது வேற நான் மச்சி" என்கிறார். தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997லேயே சட்டம் வந்துவிட்டது; அதற்கும் இந்தத் தத்துவம் தெரியாது போல. அந்த 'வேற நான்' வாங்கிய டிகிரி இவருடையது. அதை வைத்துக் கிடைத்த வேலை, பிஎஃப் எல்லாம் இவருடையவை. பழி மட்டும் யாரோ ஒருவனுடையது. முட்டிபோட்ட பையனுக்கும்தான் செல்கள் மாறின. அவனிடம் போய், "நீயும் இப்ப வேற ஆள்தானே" என்று சொல்லிப் பாருங்கள்.

மனிதர்கள் மாறுகிறார்கள், நிச்சயமாக. ஆனால் "நான் மாறிட்டேன்" என்ற வாக்கியத்துக்கே இரண்டு முனையிலும் ஒரே ஆள் வேண்டும். "அன்னைக்குச் செஞ்சது நான்தான், இனி செய்ய மாட்டேன்." இதில் முதல் பாதியைச் சொல்லாதவரின் இரண்டாம் பாதியை நாம் ஏன் நம்ப வேண்டும்?