மூலத்துக்கு என்ன குறைச்சல்?

ஒரு சின்ன கணக்கு. உங்க க்ளாஸில் 60 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். நட்சத்திரங்கள் மொத்தம் 27. நிலா ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட ஒரு நாள் தங்குகிறது. அப்படியென்றால் சராசரியாக உங்க க்ளாஸில் ரெண்டு பேர் மூல நட்சத்திரம். அதில் ஒருவர் பெண் என்று வைத்துக்கொள்ளலாம்.

அது யார் என்று உங்களுக்குத் தெரியாது. சொல்ல மாட்டார். அரியர் எத்தனை என்று கேட்டால்கூட சிரித்துக்கொண்டே சொல்பவர், நட்சத்திரம் என்னன்னு கேட்டால் "அதெல்லாம் எங்கம்மாவுக்குத்தான் தெரியும்" என்று நழுவிவிடுவார். ஃபைனல் இயர் முடிவதற்குள் வீட்டில் ஜாதகத்தை எடுப்பார்கள். பொருத்தம் பார்க்கக்கூட உட்கார மாட்டார்கள். "பொண்ணு மூலமா? பரவால்ல, அப்புறம் சொல்றோம்." அந்த 'அப்புறம்' வரவே வராது.

காரணம், நாம எல்லோரும் கேட்ட அந்தப் பழமொழி. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். மூலத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமனாருக்கு ஆகாதாம். லிஸ்ட் இதோடு நிற்கவில்லை. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது. ஒரு குடும்பத்தில் இருக்கும் ஆளுக்கொரு நட்சத்திரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்! மருமகளுக்கு ஆகாத மாமியார் நட்சத்திரம் என்று ஒன்றுகூட அந்த லிஸ்டில் இல்லை, கவனிச்சீங்களா?

ஜோசியம் பார்ப்பவர்களில் பலரே இந்தப் பழமொழியை ஒத்துக்கொள்வதில்லை. "அது ஆண் மூலம் இல்லீங்க, ஆனி மூலம், பெண் மூலம் இல்ல, பின் மூலம்" என்று விளக்கம் சொல்வார்கள். எது ஒரிஜினலோ, கல்யாண மார்க்கெட்டில் ஓடுவது டூப்ளிகேட்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். மூலம் என்பது என்ன?

வானத்தில் விருச்சிகத் தேள் ஒன்று இருக்கிறது. நிஜமாகவே தேள் மாதிரி தெரியும் மிகச் சில நட்சத்திரக் கூட்டங்களில் அதுவும் ஒன்று. தலைப்பக்கம் அனுஷம். நெஞ்சில் சிவப்பாக மின்னுவது கேட்டை. ஆங்கிலத்தில் அன்டாரெஸ். வளைந்து கொடுக்கோடு முடிகிற வால்தான் மூலம். பாகன் கையில் இருக்கும் அங்குசம் மாதிரி இருக்கிறது என்றும் சொல்வார்கள். அந்தக் கொடுக்கில் பளிச்சென்று இருக்கும் நட்சத்திரத்தின் பெயர் ஷௌலா.

நிலா பூமியைச் சுற்றிவந்து பழைய நட்சத்திரத்துக்கே திரும்ப 27.3 நாள் ஆகும். அதனால்தான் வட்டத்தை 27 துண்டாக வெட்டினார்கள். ஒரு துண்டு 13 டிகிரி 20 நிமிடம். தினமும் ராத்திரி நிலா எங்கே நிற்கிறது என்று பார்த்து நாளைக் குறிக்க அருமையான ஏற்பாடு. காலண்டரோ, கடிகாரமோ இல்லாத காலத்தில் இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு சல்யூட் வைக்கணும். இதற்குக் கதையும் வைத்தார்கள். தட்சனின் மகள்கள் 27 பேரும் சந்திரனின் மனைவிகள். அவன் ரோகிணி வீட்டிலேயே டேரா போட, மாமனார் சாபம் கொடுத்தார், நிலா தேய ஆரம்பித்தது. கவனியுங்கள், அங்கேயும் பிரச்னையைக் கிளப்பியது மூலம் இல்லை. மாப்பிள்ளையின் ஓரவஞ்சனை!

இப்போது ஒரு சுவாரசியம். மூல நட்சத்திரம் என்றால் நிலா ஷௌலா பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? கிடையாது. ஷௌலா, சூரியன் போகும் பாதையிலிருந்து ஏறக்குறைய 14 டிகிரி தெற்கே இருக்கிறது. நிலாவோ அந்தப் பாதையை விட்டு 5 டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தான் விலகும். எவ்வளவு நெருங்கினாலும் நடுவில் பதினாறு முழுநிலாவை வரிசையாக அடுக்கலாம். தொட்டுக்கூடப் பார்க்காத நட்சத்திரம் ஒரு பெண்ணின் மாமனாரை என்ன செய்துவிடும்?

அதைவிடப் பெரிய கூத்து பஞ்சாங்கத்தில் இருக்கிறது. நம்ம ஊரில் வாக்கியம், திருக்கணிதம் என்று ரெண்டு வகை. பழைய சூத்திரங்களை வைத்துக் கணிப்பது ஒன்று, இன்றைய வானியல் கணக்கை ஒட்டிப் போவது இன்னொன்று. நட்சத்திரம் முடிகிற நேரம் ரெண்டுக்கும் சில மணி நேரம்கூட வித்தியாசப்படும். அந்த இடைவெளியில் ஒரு குழந்தை பிறந்தால், ஒரு பஞ்சாங்கத்தில் கேட்டை, இன்னொன்றில் மூலம். அதாவது ஒரே பெண் வாக்கியப்படி மைத்துனருக்கு ஆபத்து, திருக்கணிதப்படி மாமனாருக்கு ஆபத்து. யாரு பாஸ் இன்ஷூரன்ஸ் எடுக்கணும்?

இந்தக் குழப்பத்தை சில பெற்றோர் ரகசியமாகப் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. எந்தப் பஞ்சாங்கத்தில் நல்ல நட்சத்திரம் வருதோ அதை எழுதிக் கொள்வது, பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பெண் தன் பிறந்த நேரத்தையே பொய்யாகச் சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போக வேண்டியிருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. அப்புறம் அந்த வீட்டு மாமனாருக்குச் சளி பிடித்தால்கூட அவள் உள்ளுக்குள் நடுங்குவாள்.

இத்தனைக்கும் இதே மூலத்தை நாம் கொண்டாடுகிறோம். அனுமன் பிறந்தது மார்கழி மூலம் என்கிறோம். வடைமாலை சாத்துகிறோம். மணவாள மாமுனிகளுக்கு ஐப்பசி மூலம். நவராத்திரியில் சரஸ்வதியை ஆவாஹனம் செய்வது மூல நட்சத்திரத்தில். சரஸ்வதி பெண்தானே? மதுரைப் பசங்களைக் கேளுங்கள், அங்கே தெருவுக்கே ஆவணி மூல வீதி என்று பெயர். ஆவணி மூலத்தில்தான் சிவபெருமான் புட்டுக்கு மண் சுமந்த திருவிழா. அந்த வீதியில் கடை போட்டு நிர்மூலமானதாக யாரும் புலம்பிக் கேட்டதில்லை. உட்கார இடமில்லாமல் கூட்டம் அம்முகிறது.

பசங்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு உங்களுக்குப் பொண்ணு பார்க்கும்போது அப்பா அம்மா ஒரு ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவார்கள். 'ஏன்?' என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். "பெரியவங்க பாத்துக்குவாங்க" என்று செல்போனை நோண்டிக்கொண்டு இருந்தால், அந்த 'அப்புறம் சொல்றோம்' உங்க வாயாலும் சொன்னதுதான்.

மூலம் பொண்ணுங்களுக்கு ஒரு கொசுறு. நம் பால்வெளி மண்டலத்தின் நட்டநடு மையம், இன்றைய திருக்கணிதக் கணக்கில் எந்த நட்சத்திரத்துக்குள் வருகிறது தெரியுமா? மூலம். அதுவும் முதல் பாதம்! 'மூலம்' என்றால் வேர், ஆதி என்று அர்த்தம். பேர் வைத்தவர்களுக்கு அங்கே மையம் இருப்பது தெரிந்திருக்க வழியில்லை. இருந்தாலும் பொருத்தமாக அமைந்துவிட்டது. அங்கே நம் சூரியனைப்போல 40 லட்சம் மடங்கு எடையுள்ள கருந்துளை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததற்காக ரெய்ன்ஹார்ட் கென்ஸலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020-ம் வருட இயற்பியல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 2022-ல் அதன் படமும் வெளியானது.

பார்க்கணுமா? ஜூலை கடைசியில் மேகம் இல்லாத ஒரு நாள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போங்கள். தெற்கே திரும்பி, தரைக்கும் உச்சிக்கும் நடுவே கொஞ்சம் கீழே பாருங்கள். வளைந்த வால் தெரியும். அதன் நுனிக்கு மேலே, லேசாக இடப்பக்கம்தான் அந்த மையம். வெறும் இருட்டாகத்தான் இருக்கும். உங்க க்ளாஸின் அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் கூட வந்திருந்தால், அவரையே காட்டச் சொல்லுங்கள்.